மொபைல் கேம் ஆட்டக்காரர்களைக் குழுவாகப் பிரித்தல்: லாக் முதல் சோதனை வரை முழு வழிகாட்டி

ஒரு மொபைல் கேமின் லாக் தரவு (ஆட்டக்காரரின் ஒவ்வொரு செயலையும் ஆப் எழுதி வைக்கும் பதிவு) கையில் கிடைத்ததும் பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் காரியம், அதை அப்படியே கே-மீன்ஸ் என்ற குழு பிரிக்கும் அல்காரிதத்தில் கொட்டுவது. பத்து நிமிடத்தில் ஐந்து வண்ணங்களில் புள்ளிக் கூட்டங்கள் திரையில் வந்துவிடும். மீட்டிங்கில் காட்டினால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அடுத்த வாரம் அந்தக் கோப்பை யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

இந்த வேலையில் அல்காரிதம் ஓடும் கட்டம் மிகச் சிறியது. அதற்கு முன்னால் வரும் படிகளில்தான் விடை தீர்மானமாகிறது. அந்தப் படிகளின் வரிசை குழம்பினால், பின்னால் என்ன செய்தாலும் சரிக்கட்ட முடியாது. அதனால் கீழே உள்ளதை எண் வரிசையிலேயே செய்யுங்கள்.

1. என்ன செய்யப்போகிறோம் என்பதை முதலில் எழுதுங்கள்

ஒரு தாளில் இந்த வாக்கியத்தை நிரப்பிப் பாருங்கள்: "இப்படிப்பட்டவர்களைக் கண்டுபிடித்தால், அவர்களுக்கு மட்டும் இதை மாற்றுவோம்." நிரப்ப முடியவில்லை என்றால் இன்னும் தொடங்க வேண்டாம். போய் டிசைனரிடம் பேசுங்கள்.

நல்ல வாக்கியம் இப்படி இருக்கும்: "முதல் மூன்று நாளில் ஒரே லெவலில் திரும்பத் திரும்பத் தோற்பவர்களைக் கண்டுபிடித்தால், அவர்களுக்கு அந்த லெவலைக் கொஞ்சம் இளக்குவோம்." அல்லது, "போட்டி ஆட்டம் மட்டுமே ஆடுபவர்களுக்குக் கதைப் பகுதி பற்றிய நோட்டிஃபிகேஷன் அனுப்ப மாட்டோம்." மோசமான வாக்கியம்: "நம் ஆட்டக்காரர்களைப் புரிந்துகொள்வோம்."

இது ஏன் முதல் படி? எத்தனை நாள் தரவு வேண்டும், எந்த நடத்தையை அளக்க வேண்டும், எத்தனை குழு போதும் என்ற மூன்று கேள்விக்கும் பதில் இந்த வாக்கியத்தில்தான் இருக்கிறது. லெவலை இளக்குவதற்கான பிரிப்பில் யார் எவ்வளவு செலவு செய்தார் என்பதற்கு வேலையே இல்லை. விற்பனைக்கான பிரிப்பில் அதுதான் எல்லாம். இரண்டுக்கும் ஒரே பிரிப்பை வைத்துச் சமாளிக்கப் பார்ப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

கூடவே இன்னொரு கேள்வி: உங்கள் டீமால் எத்தனை விதமாக ஆட்டக்காரர்களை நடத்த முடியும்? பெரும்பாலும் பதில் மூன்று அல்லது நான்கு. ஒன்பது குழு கண்டுபிடித்தாலும் ஒன்பது விதமாகக் கேமை மாற்ற ஆள் இருக்காது.

2. கையில் இருக்க வேண்டியவை

தரவுத்தளத்தில் எஸ்க்யூஎல் (தரவைக் கேட்டு எடுக்கும் மொழி) ஓட்டும் அனுமதி, பைத்தானில் அட்டவணைகளுக்கான பாண்டாஸும் அல்காரிதங்களுக்கான சைகிட்-லேர்னும், ஈவென்ட் (லாகில் பதிவாகும் ஒவ்வொரு செயல்) பட்டியல், கடந்த சில மாதங்களில் வெளியான அப்டேட்களின் தேதிகள். கடைசியில் சொன்னதைப் பலரும் கேட்டு வாங்குவதில்லை. நடத்தையில் ஒரு திடீர் மாற்றம் தெரிந்தால், அது ஆட்டக்காரரால் வந்ததா அப்டேட்டால் வந்ததா என்று அந்தத் தேதிகள் இல்லாமல் சொல்லவே முடியாது.

பெயர், மின்னஞ்சல், சாட் உள்ளடக்கம் இவை எதுவும் இந்த வேலைக்குத் தேவையில்லை. உண்மையான ஐடிக்குப் பதில் மாற்று எண் போட்ட தரவையே கேளுங்கள். சிறுவர்கள் ஆடும் கேம் என்றால் முதலில் சட்ட ஆலோசகரிடம் பேசுங்கள். அமெரிக்காவின் கோப்பா சட்டம் 13 வயதுக்குட்பட்டவர்களின் தரவுக்கும், ஐரோப்பாவின் ஜிடிபிஆர் பொதுவாகத் தனிநபர் தரவுக்கும் கடுமையான வரம்புகள் வைத்திருக்கின்றன. தரவை எடுத்த பிறகு இதைக் கேட்பது வீண் வேலை.

அப்புறம், அந்தக் கேமை நீங்களே குறைந்தது ஒரு வாரம் ஆடியிருக்க வேண்டும். இது விளையாட்டுக்குச் சொல்வதில்லை. ஒரு லைஃப் (தோற்றால் குறையும் ஆட்ட வாய்ப்பு) திரும்ப எவ்வளவு நேரமாகும், எந்த இடத்தில் விளம்பரம் வருகிறது என்பதெல்லாம் தெரியாமல் லாகைப் படித்தால் எண்கள் மட்டும்தான் தெரியும்.

3. லாக் உண்மை பேசுகிறதா என்று பாருங்கள்

ஆட்டக்காரர்களைப் பற்றி யோசிக்கும் முன் ஈவென்ட்களைச் சோதியுங்கள். நான் தவறாமல் செய்யும் சோதனைகள் மூன்று.

முதலாவது, ஒவ்வொரு ஈவென்டும் நாள்வாரியாக, ஆப் பதிப்புவாரியாக எத்தனை முறை வந்தது என்று ஒரு அட்டவணை. ஒரு பதிப்பில் மட்டும் "லெவல் முடிந்தது" பாதியாகக் குறைந்தால், ஆட்டக்காரர்கள் திடீரென்று திறமை இழந்துவிடவில்லை; யாரோ அந்த ஈவென்டை அனுப்பும் வரியைத் தவறாக நகர்த்தியிருக்கிறார்கள்.

இரண்டாவது, கணக்கு பொருந்துகிறதா என்பது. லெவல் தொடக்கங்களின் எண்ணிக்கை, வெற்றி, தோல்வி, பாதியில் விட்டது மூன்றையும் கூட்டினால் வரும் எண்ணுக்கு அருகில் இருக்க வேண்டும். பெரிய இடைவெளி இருந்தால், ஆப் திடீரென்று மூடப்படும்போது கடைசி ஈவென்ட்கள் தொலைகின்றன என்று அர்த்தம். இப்படித் தொலைபவை பெரும்பாலும் பழைய, மெதுவான போன்களிலிருந்து வருபவை. அந்த போன்களை வைத்திருப்பவர்களைப் பிறகு "ஆர்வமில்லாதவர்கள்" என்று பெயரிட்டுவிடுவோம்.

மூன்றாவது, பணம். போனிலிருந்து வரும் "வாங்கினார்" ஈவென்டை நம்பாதீர்கள். சர்வர் சரிபார்த்த ரசீதோடு ஒப்பிடுங்கள். திருத்தப்பட்ட ஆப்களிலிருந்து போலி வாங்கல்கள் வரும்; திரும்பக் கொடுத்த பணமும் ஈவென்டில் கழிந்திருக்காது.

4. சுத்தம் செய்யும் வரிசை

இதிலும் வரிசை முக்கியம். முதலில் இரட்டை ஈவென்ட்களை நீக்குங்கள். நெட்வொர்க் விட்டுவிட்டு வரும்போது ஆப் ஒரே ஈவென்டை இரண்டு மூன்று முறை அனுப்பும். அதற்கு அடுத்துதான் நேரம், அதன் பிறகு அடையாளம், கடைசியில் போலி ஆட்கள். இரட்டைகளை வைத்துக்கொண்டு போலி ஆட்களைத் தேடினால், சாதாரண மனிதரும் இயந்திர வேகத்தில் ஆடுவதுபோலத் தெரிவார்.

நேரத்தில் ஒரு குறும்பு இருக்கிறது. லைஃப் தீர்ந்தால் காத்திருக்க வைக்கும் கேம்களில், போனின் கடிகாரத்தை முன்னால் தள்ளி வைத்து ஏமாற்றுபவர்கள் உண்டு. அதனால் போன் சொல்லும் நேரத்தை மட்டும் நம்பினால் அடுத்த வருடம் ஆடிய ஆட்டமெல்லாம் தரவில் இருக்கும். சர்வருக்கு வந்து சேர்ந்த நேரத்தை மட்டும் நம்பினால், ஆஃப்லைனில் மூன்று நாள் ஆடியவரின் எல்லா ஆட்டமும் ஒரே நொடியில் நடந்ததாகக் காட்டும். இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். போன் மொத்தமாக அனுப்பும் ஈவென்ட் தொகுப்பு ஒன்று சர்வரை அடையும்போது இரண்டு கடிகாரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டு, அதைத் தொகுப்பில் உள்ள எல்லா ஈவென்டுக்கும் கழியுங்கள். கடிகாரத்தைத் தள்ளி வைத்தவர்களைத் தனியாகக் குறித்துக்கொண்டால் பின்னால் பயன்படும். அதுவும் ஒரு நடத்தைதானே.

எல்லா நேரத்தையும் யூடிசியில் (உலகப் பொது நேரம்) சேமியுங்கள். ஆனால் "எப்போது ஆடுகிறார்" என்ற அளவை மட்டும் ஆட்டக்காரரின் உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிடுங்கள். நான் ஒருமுறை "நள்ளிரவு ஆட்டக்காரர்கள்" என்று ஒரு குழுவைப் பெருமையாகக் கண்டுபிடித்து, அதற்குத் தனி நிகழ்ச்சி திட்டம் வரை போனேன். அவர்கள் எல்லோரும் வேறு கண்டத்தில் மாலை நேரத்தில் ஆடிக்கொண்டிருந்த சாதாரண மக்கள்.

அடையாளத்தில், ஆப் நிறுவும்போது உருவாகும் ஐடியும் ஆளும் ஒன்றல்ல. கூகுளின் ஆப் கருவித் தொகுப்பான ஃபயர்பேஸ் தரும் போலிப்பெயர் ஐடி, ஆப்பை நீக்கி மறுபடி நிறுவினால் மாறிவிடும். அதை வைத்து எண்ணினால் திரும்பி வந்த பழைய ஆள் புதிய ஆளாகத் தெரிவார். அதுவும் ட்யூட்டோரியலை அசுர வேகத்தில் முடிக்கும் புதிய ஆளாக. கேமுக்குள் லாகின் இருந்தால் அந்த ஐடியையே அடிப்படையாக வையுங்கள்.

போலி ஆட்களில் நம் ஆட்களும் அடக்கம். டெஸ்டிங் குழுவின் கணக்குகள், தானியங்கிச் சோதனை போன்கள், அலுவலகத்தில் எல்லோரும் வைத்திருக்கும் இலவச நாணயக் கணக்குகள். இவற்றின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். பாட்களை (மனிதருக்குப் பதில் ஆடும் நிரல்களை) கண்டுபிடிக்க எளிய வழி: 24 மணி நேரத்தில் தூங்க இடைவெளியே இல்லாதவர்கள், ஒரு தட்டலுக்கும் அடுத்ததுக்கும் இடையே மாறாத இடைவெளி உள்ளவர்கள்.

5. செஷன் எங்கே முடிகிறது

ஈவென்ட்களைச் செஷன்களாக (ஒருவர் இடைவிடாமல் ஆடும் ஒவ்வொரு தடவை) கட்ட ஒரு இடைவெளி அளவு வேண்டும். பல கருவிகளில் 30 நிமிடம் என்று ஏற்கெனவே வைத்திருப்பார்கள். மொபைல் கேமுக்கு அது பெரும்பாலும் நீளம். பேருந்தில் மூன்று நிமிடம், அலுவலகம் போய்ச் சேர்ந்ததும் இரண்டு நிமிடம் ஆடியவருக்கு ஒரே செஷன் என்று காட்டிவிடும்.

நீங்களே பாருங்கள். அடுத்தடுத்த ஈவென்ட்களுக்கு இடையே உள்ள இடைவெளிகளை எடுத்து, மடக்கை (கணிதத்தின் லாக்) அளவுகோலில் ஒரு ஹிஸ்டோகிராம் (எந்த அளவு இடைவெளி எத்தனை முறை வந்தது என்ற பட்டைப் படம்) வரையுங்கள். வழக்கமாக இரண்டு மேடு தெரியும்: ஆட்டத்துக்குள் வரும் சிறு இடைவெளிகள், போய்விட்டுத் திரும்பி வரும் பெரிய இடைவெளிகள். நடுவில் உள்ள பள்ளம்தான் உங்கள் எல்லை. ஒருமுறை முடிவு செய்த பிறகு மாற்றாதீர்கள். மாற்றினால் பழைய எண்கள் எதனுடனும் ஒப்பிட முடியாது.

6. எல்லோரையும் ஒரே வயதில் நிறுத்துங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும்தான் நினைவில் வைப்பேன் என்றால், இதை வையுங்கள்.

புதிதாகத் தொடங்குபவர் எடுக்கும் தரவு பெரும்பாலும் "கடந்த 30 நாள்" என்றிருக்கும். அதில் நேற்று நிறுவியவரும் ஒரு வருடமாக ஆடுபவரும் இருப்பார்கள். குழுவாகப் பிரித்தால் கிடைப்பது "புதியவர்", "பழையவர்", "இடைப்பட்டவர்". இதற்கு அல்காரிதம் எதற்கு, நிறுவிய தேதியே போதுமே.

சரியான வழி, ஒவ்வொருவருக்கும் நிறுவிய நேரத்திலிருந்து ஒரே அளவு காலத்தை எடுப்பது. உதாரணமாக, ஒவ்வொருவரின் முதல் 7 நாள். அந்த 7 நாளும் முழுதாக முடிந்தவர்களை மட்டும் சேருங்கள். நேற்று நிறுவியவருக்கு மீதி ஆறு நாள் "ஆடவில்லை" என்றில்லை, அந்த நாள்கள் இன்னும் வரவேயில்லை. பழைய ஆட்டக்காரர்களைப் பிரிக்க வேண்டுமென்றால் அது தனி வேலை: நிறுவி 90 நாள் தாண்டியவர்களை மட்டும் எடுத்து, அவர்களின் கடைசி 28 நாளைப் பாருங்கள். 28 ஏன் என்றால் அதில் ஒவ்வொரு கிழமையும் சரியாக நான்கு முறை வரும். 30 எடுத்தால் சிலருக்கு ஐந்து ஞாயிறு விழும்.

"நாள்" என்பதையும் வரையறுங்கள். இரவு 11.50க்கு நிறுவி 20 நிமிடம் ஆடியவர், காலண்டர் கணக்கில் "மறுநாளும் வந்தவர்" ஆகிவிடுவார். நிறுவிய நொடியிலிருந்து 24 மணி நேரமாக எண்ணினால் இந்தச் சிக்கல் இல்லை. எதை எடுத்தாலும் சரி, உங்கள் டீமில் உள்ள எல்லோரும் ஒன்றையே எடுக்க வேண்டும்.

"விட்டுப்போனவர்" யார் என்பதும் இங்கேயே தீர வேண்டும். 7 நாள், 14 நாள், 21 நாள் வராமல் இருந்தவர்களில் எத்தனை பேர் பிறகு திரும்பினார்கள் என்று பழைய தரவில் எண்ணுங்கள். திரும்புபவர்கள் மிகச் சொற்பமாகும் நாளை எல்லையாக வையுங்கள். தினமும் ஆட வைக்கும் கேமில் அது ஒரு வாரத்திலேயே வந்துவிடலாம். வார இறுதியில் ஆடும் கேமில் ஒரு மாதம்கூட ஆகலாம்.

7. எதை அளப்பது

ஒரு ஆட்டக்காரர், ஒரு வரி. அந்த வரியில் எட்டிலிருந்து பன்னிரண்டு அளவுகள் போதும். நாற்பது போட்டால் என்ன ஆகும் என்று பிறகு சொல்கிறேன்.

அளவுகளை இரண்டாகப் பிரித்து யோசியுங்கள்: எவ்வளவு ஆடுகிறார், எப்படி ஆடுகிறார். செஷன் எண்ணிக்கை, ஆடிய நாள்கள், மொத்த நிமிடம் இவை "எவ்வளவு". போட்டி ஆட்டத்தின் பங்கு, தோற்ற பிறகு உடனே மறுபடி முயலும் விகிதம், நண்பர்களோடு ஆடிய பங்கு, பூஸ்டர் செலவழிக்கும் வேகம், விருப்ப விளம்பரம் பார்க்கும் விகிதம் இவை "எப்படி".

புதியவர்கள் "எவ்வளவு" வகையில் மட்டும் பத்து அளவு எடுப்பார்கள், ஏனென்றால் அவை எளிதில் கிடைக்கும். மொத்த நிமிடம், மொத்த செஷன், மொத்த லெவல், மொத்த நாணயம் எல்லாமே ஒன்றோடொன்று ஒட்டிப் போகும். நான்கு பேர் ஒரே கருத்தைச் சொன்னால் அதற்கு நான்கு ஓட்டு விழுகிறது. விளைவு: "நிறைய ஆடுபவர், கொஞ்சம் ஆடுபவர்". அளவுகளுக்கு இடையே தொடர்புக் கெழுவை (இரண்டு அளவுகள் எவ்வளவு ஒட்டிப் போகின்றன என்ற எண்) பாருங்கள்; 0.8க்கு மேல் போகும் ஜோடியில் ஒன்றைத் தூக்கிவிடுவது என் வழக்கம்.

விகிதங்களில் ஒரு பொறி உண்டு. ஒரே ஒரு முறை ஆடித் தோற்றவரின் தோல்வி விகிதம் 100%. ஐம்பது முறை ஆடி எல்லாமே தோற்றவருக்கும் 100%. இருவரும் ஒன்றா? ஒவ்வொருவருக்கும் சராசரி ஆட்டக்காரரின் பத்து ஆட்டங்களை முன்கூட்டியே சேர்த்துவிடுங்கள். கேமின் சராசரித் தோல்வி 30% என்றால், முதலாமவருக்கு 11 ஆட்டத்தில் 4 தோல்வி, அதாவது சுமார் 36%. இரண்டாமவருக்கு 60இல் 53, சுமார் 88%. இப்போது எண்கள் நியாயமாகப் பேசுகின்றன.

செலவு செய்தாரா என்பதைக் குழு பிரிக்கும் அளவுகளில் சேர்க்க வேண்டாம் என்பேன். பெரும்பாலான இலவச கேம்களில் பணம் கட்டுபவர்கள் மிகக் குறைவு. அந்த அளவில் கிட்டத்தட்ட எல்லோரும் பூஜ்யத்தில் நிற்பார்கள், சிலர் மட்டும் வானத்தில். அல்காரிதம் அந்தச் சிலரைப் பிடித்துத் தனிக் குழுவாக்கி ஓய்ந்துவிடும். பணம் கட்டியவர், கட்டாதவர் என்று முதலிலேயே கையால் பிரித்துவிட்டு, தேவைப்பட்டால் ஒவ்வொரு பக்கத்தையும் தனியாகப் பிரியுங்கள்.

அதேபோல, நீங்கள் கணிக்க நினைப்பதையும் உள்ளே போடாதீர்கள். 30ஆம் நாள் வரை தங்குவார்களா என்று பார்க்கப்போகிறீர்கள் என்றால், 7ஆம் நாளுக்குப் பிறகு நடந்த எதுவும் வரியில் இருக்கக் கூடாது. "தற்போதைய லெவல்" என்ற பத்தியை யோசிக்காமல் எடுத்து மாட்டிக்கொண்டவர்கள் நிறைய. அது இன்றைய மதிப்பு, 7ஆம் நாளின் மதிப்பு அல்ல. தங்கியவர்களின் லெவல் உயர்ந்திருப்பதில் என்ன ஆச்சரியம்?

8. அளவுகளை ஒரே தராசில் வையுங்கள்

குழு பிரிப்பது தூரத்தை அளந்துதான். இரண்டு பேர்: ஒருவர் 7,200 நொடி ஆடினார், மற்றவர் 7,500. ஒருவரின் தோல்வி விகிதம் 0.1, மற்றவருக்கு 0.9. ஆட்டத்தில் இவர்கள் இரு துருவம். ஆனால் வித்தியாசங்களை வர்க்கம் போட்டால் நேரத்துக்கு 90,000, தோல்விக்கு 0.64. அல்காரிதத்துக்குத் தோல்வி கண்ணுக்கே தெரியாது.

இதில் இரண்டு வேலை, வரிசை மாறாமல். முதலில் எண்ணிக்கை வகை அளவுகளுக்கு, ஒன்றைக் கூட்டி 10 அடிமான மடக்கை (லாக்) எடுங்கள். 10, 100, 1,000 முறை ஆடியவர்கள் ஏறத்தாழ 1, 2, 3 என்ற இடத்துக்கு வந்துவிடுவார்கள். ஒன்றைக் கூட்டுவது பூஜ்யத்துக்காக. பூஜ்யத்துக்கு லாக் கிடையாது. இரண்டாவது, ஒவ்வொரு அளவிலிருந்தும் சராசரியைக் கழித்து, திட்ட விலக்கத்தால் (மதிப்புகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) வகுங்கள். லாகுக்கு முன்னால் இதைச் செய்தால், ஓரத்தில் இருக்கும் நாலு பேர் திட்ட விலக்கத்தை ஊதிப் பெருக்கி மற்ற எல்லோரையும் ஒரே மூலையில் நெருக்கிவிடுவார்கள்.

இந்தச் சராசரிகளையும் விலக்கங்களையும் ஒரு கோப்பில் சேமியுங்கள். 12ஆம் படியில் இவை இல்லாமல் கை பிசைய வேண்டியிருக்கும்.

9. கையால் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்

அல்காரிதத்துக்கு முன் இரண்டு அளவை எடுத்து ஒரு நான்கு கட்டம் போடுங்கள். ஆடிய நாள்கள் குறைவு அல்லது அதிகம், தோல்வி குறைவு அல்லது அதிகம். நான்கு கட்டத்திலும் 30ஆம் நாள் தக்கவைப்பை (அந்த நாளிலும் ஆடிக்கொண்டிருப்பவர்களின் சதவீதம்) பாருங்கள்.

பாதி நேரம் இதுவே போதும். எல்லோருக்கும் புரியும், டிசைனர் நினைவிலிருந்து சொல்வார், கேமுக்குள் ஒரு நிபந்தனையாக எழுதிவிடலாம். போதாவிட்டாலும், அடுத்து வரும் அல்காரிதம் இதைவிட நன்றாகச் செய்ததா என்று ஒப்பிட ஒரு அளவுகோல் கிடைக்கும். இதைத் தாண்ட முடியாத கிளஸ்டரிங்கை (அல்காரிதத்தால் குழு பிரிப்பதை) வைத்துக்கொண்டு என்ன பயன்?

10. இப்போது கிளஸ்டரிங்

கே-மீன்ஸிலிருந்து தொடங்குங்கள். வேகமானது, விளக்க எளிது, புதிய ஆளை எந்தக் குழுவில் போடுவது என்பதும் அதில் தெளிவு: எந்தக் குழுவின் மையம் (அதன் சராசரிப் புள்ளி) அருகில் இருக்கிறதோ அதில். உருண்டையான, ஏறக்குறைய ஒரே பரப்புள்ள கூட்டங்களைத்தான் அது நன்றாகப் பிடிக்கும் என்பது குறை. குழுக்களின் எல்லை ஒன்றோடொன்று கலந்தால் காஸியன் மிக்ஸ்சர் என்ற முறையைப் பாருங்கள். ஒருவர் 60% இந்தக் குழு, 40% அந்தக் குழு என்று அது சொல்லும். நெருக்கமான கூட்டங்களைத் தேடும் டிபிஸ்கேன் என்ற முறை பாட்களையும் விநோதமானவர்களையும் ஒதுக்க நல்லது. முக்கியப் பிரிப்புக்கு எனக்கு அது ஒருபோதும் ஒத்துவரவில்லை, ஏனென்றால் ஆட்டக்காரர் தரவில் கூட்டங்களுக்கு நடுவே காலியிடம் அரிது.

சைகிட்-லேர்னில் ஒரு விஷயம் கவனியுங்கள். 1.4 பதிப்பிலிருந்து கே-மீன்ஸின் என்-இனிட் (எத்தனை முறை புதிதாகத் தொடங்கிப் பார்ப்பது என்ற எண்) தானாகவே தீர்மானிக்கப்படுகிறது. வழக்கமான தொடக்க முறையில் அது ஒரே ஒரு முறைதான் ஓடும். தொடக்கம் சரியில்லாமல் போனால் மோசமான விடையிலேயே நின்றுவிடும். நீங்களே 20 என்று கொடுங்கள். ரேண்டம் விதையையும் (அதே விடை மறுபடி வர உதவும் தொடக்க எண்) எழுதி வையுங்கள்.

எத்தனை குழு? 2 முதல் 8 வரை ஓட்டி, ஒவ்வொன்றுக்கும் சில்லூட் மதிப்பை (குழுக்கள் எவ்வளவு தெளிவாகப் பிரிந்திருக்கின்றன என்ற எண்) பாருங்கள். அது −1 முதல் 1 வரை போகும், உயர்ந்தால் நல்லது. ஆட்டக்காரர் எண்ணிக்கை அதிகமாக இருந்தால் எல்லோருக்கும் கணக்கிடாமல் பத்தாயிரம் பேர் மாதிரி எடுங்கள், இல்லாவிட்டால் இரவு முழுக்க ஓடும்.

ஆனால் அதிக மதிப்பு வந்த எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். அடிக்கடி 2தான் ஜெயிக்கும். உள்ளே பார்த்தால் மறுபடியும் "நிறைய ஆடுபவர், கொஞ்சம் ஆடுபவர்". அப்படி வந்தால், "எவ்வளவு" அளவுகளை வெளியே எடுத்துவிட்டு "எப்படி" அளவுகளை மட்டும் வைத்து மறுபடி ஓட்டுங்கள். ஒரே ஒரு செஷன் ஆடிப் போனவர்களை இதில் சேர்க்க வேண்டாம். அவர்களிடம் பாணி என்று சொல்ல எதுவும் இல்லை. அவர்களைத் தனி ஒரு குழுவாகக் கையால் வைத்துவிடுங்கள். முதல் படியில் எழுதிய "எத்தனை விதமாக நடத்த முடியும்" என்ற எண்ணும் இங்கேதான் குரல் கொடுக்க வேண்டும்.

நாற்பது அளவு போட்டால் என்ன ஆகும் என்றேன் அல்லவா? அளவுகள் கூடக்கூட எல்லோரும் எல்லோரிடமிருந்தும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருப்பதுபோல ஆகிவிடும். அருகில், தொலைவில் என்பதற்கே அர்த்தம் தேய்ந்துபோகும். அதைச் சமாளிக்க டி-எஸ்என்ஈ படத்தில் (பல அளவுகளை இரண்டு பரிமாணத்தில் சுருக்கிக் காட்டும் படம்) கூட்டங்களைப் பார்த்துக் கையால் வட்டம் போடுபவர்களும் உண்டு. அந்தப் படத்தில் கூட்டங்களின் அளவும் இடையே உள்ள தூரமும் நம்பத்தக்கவை அல்ல. பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

11. ஆட்டிப் பாருங்கள்

எந்த எண்களைக் கொடுத்தாலும் கே-மீன்ஸ் குழு பிரித்துக் கொடுத்துவிடும். வெறும் ரேண்டம் எண்களைக் கொடுத்தாலும் நான்கு குழு தரும். அதனால் கிடைத்தது உண்மையா என்று ஆட்டிப் பார்க்க வேண்டும்.

ஆட்டக்காரர்களில் 80% பேரை மாற்றி மாற்றி எடுத்து இருபது முறை ஓட்டுங்கள். இரண்டு ஓட்டத்திலும் இருக்கும் ஆட்கள் ஒவ்வொரு முறையும் ஒரே குழுவில் சேர்ந்தே விழுகிறார்களா என்பதைத் திருத்திய ராண்ட் குறியீட்டால் அளங்கள். முழுதாக ஒத்துப்போனால் 1, தற்செயல் அளவுக்கு மட்டும் ஒத்துப்போனால் 0க்கு அருகில். 0.8க்கு மேல் நின்றால் எனக்குத் திருப்தி. 0.6க்குக் கீழே போனால் 7ஆம் படிக்குத் திரும்புவேன்.

அப்புறம் வேறு மாதத்தில் நிறுவியவர்களை எடுத்து அதே வேலையை முதலிலிருந்து செய்யுங்கள். பெரிய விளம்பரப் பிரசாரம் நடந்த மாதத்தில் மட்டும் முளைக்கும் குழு, கேமைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. விளம்பரம் யாரை அழைத்து வந்தது என்றுதான் சொல்கிறது.

12. படித்து, பெயர் வைத்து, உறைய வையுங்கள்

ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொரு அளவின் இடைநிலை மதிப்பை (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதை), மொத்த ஆட்டக்காரர்களின் இடைநிலையோடு பக்கத்தில் வைத்து அட்டவணை போடுங்கள். லாக் எடுத்த மதிப்புகளைக் காட்டாமல், நிமிடமாகவும் முறையாகவும் திரும்ப மாற்றிக் காட்டுங்கள். "1.7" என்றால் டிசைனருக்கு ஒன்றும் புரியாது.

பிறகு ஒவ்வொரு குழுவிலிருந்தும் மையத்துக்கு அருகில் ஐந்து பேர், ஓரத்தில் ஐந்து பேர் எடுத்து, அவர்களின் ஈவென்ட்களை முதலிலிருந்து கடைசி வரை வரிசையாகப் படியுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் இங்கேதான் கதை புரியும். "ஆர்வம் குறைந்தவர்கள்" என்று நான் பெயர் வைத்திருந்த ஒரு குழுவைப் படித்தபோது, பாதிப் பேர் ஒரே லெவலின் லோடிங் திரையில் நின்றுபோயிருந்தார்கள். ஆர்வத்தில் குறையில்லை, ஆப்பில்தான் குறை.

பெயர் நடத்தையைச் சொல்லட்டும், குணத்தைச் சொல்ல வேண்டாம். "தோற்றதும் மறுபடி முயல்பவர்" நல்ல பெயர். "பொறுமைசாலி" என்பது நம் கற்பனை. ரிச்சர்ட் பார்ட்டில் 1996இல் எழுத்துவழி ஆடிய பல்பயனர் உலகங்களுக்காகச் சொன்ன நான்கு வகைகளைக் கொண்டுவந்து, மிட்டாய் பொருத்தும் கேமின் குழுக்கள் மேல் ஒட்டப் பார்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மற்ற ஆட்டக்காரரைத் தாக்கவே முடியாத கேமில், அந்த நான்கில் ஒன்றான "கொலையாளி" எங்கிருந்து வருவார்?

இதெல்லாம் முடிந்த பிறகு மையங்களை உறைய வையுங்கள். புதியவர்களை 8ஆம் படியில் சேமித்த அதே சராசரி, அதே விலக்கத்தால் மாற்றி, அருகிலுள்ள மையத்தில் போடுங்கள். ஒவ்வொரு வாரமும் மறுபடி கிளஸ்டரிங் ஓட்டினால், போன வாரம் 2 என்றிருந்த குழு இந்த வாரம் 0 ஆகிவிடும். எண்களுக்கு எந்த நிலையான அர்த்தமும் இல்லை. டாஷ்போர்டில் பாதி ஆட்டக்காரர்கள் ஒரே இரவில் இடம் மாறியதாகத் தெரிந்து, ஒரு நாள் முழுக்கக் காரணம் தேடியவர்களை எனக்குத் தெரியும்.

உறைய வைத்ததும் இன்னொன்று செய்யலாம்: நீண்டகால ஆட்டக்காரர்கள் போன மாதம் எந்தக் குழு, இந்த மாதம் எந்தக் குழு என்று ஒரு இடப்பெயர்ச்சி அட்டவணை. "நண்பர்களோடு ஆடுபவர்" குழுவிலிருந்து "தனியாக ஆடுபவர்" குழுவுக்கு நகர்ந்தவர்களில் எத்தனை பேர் அதற்கடுத்த மாதம் விட்டுப்போனார்கள் என்று பாருங்கள். குழுவைவிட நகர்வு அதிகம் சொல்லும் சந்தர்ப்பங்கள் நிறைய.

13. சோதனை வைத்துத்தான் நம்புங்கள்

"நண்பர்களைச் சேர்த்தவர்கள் அதிக நாள் தங்குகிறார்கள், அதனால் எல்லோரையும் நண்பர்களைச் சேர்க்க வைப்போம்." இந்த வாதம் ஒவ்வொரு கேம் அலுவலகத்திலும் ஒருமுறையாவது ஒலிக்கும். பிடித்துப்போனவர்கள்தான் நண்பர்களை அழைக்கிறார்கள் என்றால், பிடிக்காதவரைக் கட்டாயப்படுத்தி என்ன கிடைக்கும்?

அதனால் ஒரு குழுவுக்குள்ளேயே ஆட்களை ரேண்டமாக இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் மாற்றத்தைக் கொடுங்கள். இன்னொரு காரணமும் உண்டு. இந்த வாரம் மிக மோசமாகத் தோற்றவர்களைத் தேர்ந்தெடுத்தால், ஒன்றுமே செய்யாவிட்டாலும் அடுத்த வாரம் அவர்கள் கொஞ்சம் தேறுவார்கள். ஒப்பிட மறுபாதி இல்லாவிட்டால் அந்தத் தேறலை நம் கணக்கில் எழுதிக்கொள்வோம்.

ஆள் போதுமா என்று முன்னாலேயே கணக்கிடுங்கள். தக்கவைப்பு 20% இருக்கும் குழுவில், அது 22% ஆனதை ஓரளவு நம்பிக்கையோடு கண்டுபிடிக்க ஒவ்வொரு பாதியிலும் சுமார் 6,500 பேர் வேண்டும். இது வழக்கமான 5% பிழை (மாற்றமே இல்லாதபோது இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு), 80% கண்டறியும் திறன் (உண்மையான மாற்றத்தைப் பிடிக்கும் வாய்ப்பு) என்ற கணக்கு. உங்கள் குழுவில் மொத்தமே 3,000 பேர் என்றால், பிரித்தது எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தக் குழுவில் இந்தச் சோதனை செல்லாது. இரண்டு குழுவை இணையுங்கள், அல்லது பெரிய மாற்றத்தைச் சோதியுங்கள்.

பணம் கட்டுபவர்கள் மேல் சோதனை வைக்கும்போது ஒரு மேல்வரம்பு போடுங்கள். கட்டுப்பாடில்லாமல் செலவு செய்பவர்களைக் கண்டுபிடித்து இன்னும் செலவழிக்க வைக்க இதே முறை கச்சிதமாக வேலை செய்யும். அதைச் செய்யாமலிருப்பது குழு பிரிப்பவரின் கையில்தான் இருக்கிறது, ஏனென்றால் அந்தப் பட்டியல் முதலில் கிடைப்பது அவருக்கு.

14. எப்போது மறுபடி செய்வது

வாரா வாரம் புதியவர்கள் தங்கள் மையத்திலிருந்து சராசரியாக எவ்வளவு தூரத்தில் விழுகிறார்கள் என்று ஒரு கோடு வரைந்து வையுங்கள். கோடு படிப்படியாக உயர்ந்தால் கேம் மாறிவிட்டது அல்லது வரும் கூட்டம் மாறிவிட்டது. புதிய ஆட்ட முறை வெளியானாலும், லைஃப் விதி மாறினாலும், கோடு உயரும் வரை காத்திருக்க வேண்டாம். அப்டேட் வெளியாகி, அதில் நிறுவியவர்களின் முதல் 7 நாள் முடிந்ததும் 3ஆம் படியிலிருந்து தொடங்குங்கள். 10ஆம் படியிலிருந்து தொடங்கலாமே என்று தோன்றும். அந்த அப்டேட்டில் யாராவது ஒரு ஈவென்டின் பெயரை மாற்றியிருப்பார்கள்.